லைன் கிளியர்

முருகன்குறிச்சியில், கண்ணாடிக் கடைக்கு மேலே
மாடிப்படி பதினேழு.
வியாழன்தோறும் எண்ணித்தான் ஏறுகிறேன்,
முப்பதடிக் கம்பத்தில் எண்ணாமல் ஏறியவன்.

பல் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கிறேன் வீட்டில்.
ஆறு வாரமாக ஒரே பல்.
"வேரு ஆழமோ" என்றாள் பேச்சித்தாய்,
சிரிக்காமல்.

அதற்கு முன்னே கயிறு கட்டினார்கள்.
சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்தார்கள்.
கிடா போயிற்று.
மிக்ஸி ஓடினால் நான் கொல்லைக்கு ஓடுவது
அப்படியேதான் இருந்தது.
கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை.
வாசலில் ஜெனரேட்டர் நிற்கும்.

மாத்திரை ஹைகிரவுண்டில் தருகிறார்கள்.
இங்கே எமல்டா மேடத்திடம் பேச்சு மட்டும்.
பேச்சுக்கும் ஒரு ரசீதா என்று
முதல் நாள் அதை மடித்து
டெஸ்டர் வைக்கும் பையில் செருகினேன்.

பாதம் தரையில இருக்கா பாருங்க, என்பார்.
எர்த் பார்க்கிறார், என் தொழில்தான்.
கண்ணை மூடிக்கிடுங்க.
நடந்துச்சுன்னு சொல்லாதீங்க,
நடக்குதுன்னு சொல்லுங்க.

நடக்கிறது.
கோபாலசமுத்திரம் வயக்காடு.
ராத்திரிக் காற்றில் வாழை மொத்தமும்
குலையோடு படுத்துக் கிடக்கிறது.
கம்பி அறுந்து வரப்பில்.
ஜீப்பு சகதிக்கு அப்பால் ரோட்டில்,
எர்த் ராடு ஜீப்பில்.
கொம்பையா பெல்ட்டை மாட்டுகிறான்.
"எல்.சி. வாங்கியாச்சாலே?"
"வாங்கியாச்சு. ஏறுடே."

முதல் வாரம் இதோடு எழுந்து வந்துவிட்டேன்.
இரண்டாம் வாரம் அவன் பாதிக் கம்பம் ஏறினான்.
மூன்றாம் வாரம் உச்சியில் இருந்தான்,
நான் தண்ணீர் கேட்டேன்.
நாலாம் வாரம் விழுந்தான்.

எந்த வீட்டுக்காரனோ
சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரைப் போட்டான்,
செத்த கம்பியில் உயிர் வந்தது
என்று விசாரணை ரிப்போர்ட்டில் இருக்கிறது.
உன் மேல் தப்பில்லை என்றார் ஏ.ஈ.
யூனியன்காரரும் சொன்னார், மைத்துனரும் சொன்னார்.
எமல்டா மேடம் ஒருநாளும் சொல்லவில்லை.
"ராடு?" என்று மட்டும் கேட்டார்.
போடலை, என்றேன்.
பதினாலு மாதத்தில் முதல் தடவையாக
ஒரு ஆள் காதில் விழ.
அவர் அதிரவில்லை.
பேனாவைக்கூட எடுக்கவில்லை.
சரி. மறுபடி முதல்லேர்ந்து.

சொன்னதைப் போனில் பதிந்து கொடுத்தார்,
தினம் ஒரு தடவை கேட்க.
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
என் குரலையே கேட்டுக்கொண்டு வியர்த்தேன்.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
நடுவில் கொட்டாவி வந்தது.
வெட்கமாயிருந்தது.

இன்று ஆறாம் தடவை.
வாழை படுத்துக் கிடக்கிறது.
கொம்பையா பெல்ட்டை மாட்டுகிறான்.
நான் ஜீப்பைப் பார்க்கிறேன்.
"ராடு எடுத்திட்டு வந்திரட்டுமா?"
"சகதியில போயி வர அரைமணி நேரம் ஆவும்டே.
மூணு மணிக்குள்ள விடு,
மகளுக்குக் கண்ணாடி வாங்கணும்."

இதை நான் மறந்திருந்தேன்.
இத்தனை நாளும் அவன் என் தலைக்குள்
வாயில்லாமல் விழுந்துகொண்டிருந்தான்.
இப்போது பேசிவிட்டான்,
அதே மூக்கடைத்த குரலில்,
வெற்றிலைத் துணுக்கோடு.

அழுதேன்.
ராடுக்காக ஏற்கெனவே அழுதிருந்தேன்.
இது கொம்பையாவுக்கு.
மேடம் ஃபேனை நிறுத்திவிட்டு
பேசாமல் இருந்தார்.

பதினேழு படி. இறங்கும்போது எண்ணவில்லை.
கீழே கடையில் சின்னச் சின்ன ஃபிரேம்கள்,
ஊதா ஒன்று, ரோஸ் ஒன்று.
இத்தனை நாளில் யாராவது
வாங்கிக் கொடுத்திருப்பார்கள் முத்தரசிக்கு.
முக்கூடல் பஸ்ஸைக் கண்டாலே
முகத்தைத் திருப்புகிறவனுக்கு எப்படித் தெரியும்.

"பிள்ளைக்கா சார்? பவர் எவ்வளவு?"
என்றான் கடைப் பையன்.

தெரியலை தம்பி.
போய்க் கேட்டுட்டு வாரேன்.